தண்ணி இழுக்கறது ஈயத்த இல்ல, நரம்ப: முகத்துவாரத்துல தூண்டில் நிக்கற கணக்கு

நான் தூண்டில் பழகினது பூலாம்பட்டி காவேரிலங்க. அங்க கதவணை தண்ணிய தேக்கி வச்சிருக்கறதால ஆறு ஏரி மாதிரி கிடக்கும், கனத்துக்கு சின்னதா ஒரு ஈயத்த கட்டி வீசினா விழுந்த இடத்துலயே உக்காந்துக்கும். அதே பழக்கத்தோட பரங்கிப்பேட்டை போயி, வெள்ளாறு கடல்ல சேர்ற முகத்துவாரத்துல கரைல நின்னு 100 கிராம் ஈயம் போட்டு வீசினேன். அரை நிமிஷம் நிக்கல. தூண்டில் நரம்பு வில்லு மாதிரி வளைஞ்சுது, ஈயம் தரைய உரசிக்கிட்டே வந்து எனக்கு கீழ்ப்பக்கம் கரையோரமா ஒதுங்கிருச்சு. 150 போட்டேன், 200 போட்டேன், அப்பவும் அதேதான். பக்கத்துல இருந்த பெரியவரு கொஞ்ச நேரம் பாத்துட்டு, "தம்பி, ஈயத்த கூட்டிக்கிட்டே போகாதீங்க, தண்ணி இழுக்கறது ஈயத்த இல்ல, நரம்ப"ன்னாரு. அன்னிக்கு அது எனக்கு புரியல, ஊருக்கு வந்து பேப்பர்ல கணக்கு போட்டு பாத்தப்பதான் எவ்வளவு சரியா சொல்லிருக்காருன்னு தெரிஞ்சுது.

முதல்ல இந்த இழுப்பு எங்கிருந்து வருதுன்னு பாப்போம். வெள்ளாறு நமக்கு வேத்து ஆறு இல்லைங்க, நம்ம ஆத்தூர் வழியா போற வசிஷ்ட நதி சுவேத நதியோட சேர்ந்துதான் வெள்ளாறாகுது. ஆனா வசிஷ்ட நதி வருஷத்துல முக்கால்வாசி நாள் மணலாத்தான் கிடக்கு, அப்புறம் அங்க மட்டும் எப்படி அவ்வளவு வேகம்? அது ஆத்துத் தண்ணியோட வேகமே இல்ல, கடல் உள்ள வந்து வெளிய போற வேகம். நம்ம கிழக்கு கடற்கரைல ஓதம், அதாவது கடல் மட்டம் ஏறி இறங்கற ஏத்தம் வத்தம், பெரிசா இருக்காது, ஒரு மீட்டருக்கு உள்ளதான் இருக்கும். ஆனா உள்ள தண்ணி தேங்கி நிக்கற கழி அகலம், கடல்ல சேர்ற வாய் குறுகல், விஷயமே அங்கதான் இருக்கு. கணக்குக்கு 5 சதுர கிலோமீட்டர் கழின்னு வச்சுக்குங்க, அதுல அரை மீட்டர் தண்ணி ஏறணும்னா 25 லட்சம் கன மீட்டர் உள்ள வரணும், அதுக்கு கிடைக்கறது ஒரு ஏத்தம் நீடிக்கற நேரம், சுமார் 6 மணி நேரம் 12 நிமிஷம், வர்ற வழி 50 மீட்டர் அகலம் 3 மீட்டர் ஆழம்னா சராசரியா செகண்டுக்கு முக்கா மீட்டர் வேகத்துல ஓடியாகணும், நடு நேரத்துல அது 1 மீட்டரையும் தாண்டிரும். நாம சாதாரணமா நடக்கற நடைக்கு கிட்டத்தட்ட சமம். ஆத்துல தண்ணியே வராட்டியும் இப்படித்தான் ஓடும்.

அமாவாசை, பௌர்ணமி ஒட்டி சூரியனும் நிலாவும் ஒரே கோட்டுல இழுக்கறதால ஏத்தம் வத்தம் ரெண்டுமே கூடும், அந்த நாள்ல வாய்ல ஓட்டமும் கூடும். தினமும் ஏத்தம் வத்தம் வர்ற நேரம் சுமார் 50 நிமிஷம் தள்ளிப்போகும், ஏன்னா பூமி ஒரு சுத்து சுத்தி முடிக்கறதுக்குள்ள நிலா கொஞ்சம் முன்னாடி நகர்ந்துருது. இத தெரிஞ்சுக்காம சேலத்துல இருந்து ராத்திரி பஸ் ஏறினா கரெக்டா மோசமான நேரத்துல போய் நிப்போம்.

இப்ப நரம்பு கதைக்கு வரேன். ஓடற தண்ணி ஒரு பொருள தள்ற விசை வேகத்தோட வர்க்கத்துல கூடும், அதாவது வேகம் ரெண்டு மடங்கானா தள்ளு நாலு மடங்கு. 0.40 மில்லிமீட்டர் தங்கூசி நரம்ப, அதாவது ஒத்தை இழை நைலான் நரம்ப எடுத்துக்குங்க, கண்ணுக்கே சரியா தெரியாது. அதுல 50 மீட்டர் தண்ணிக்குள்ள குறுக்கால கிடந்தா தண்ணிக்கு முகம் காட்டற பரப்பு 200 சதுர சென்டிமீட்டர், 20க்கு 10 சென்டிமீட்டர்ல ஒரு பலகைய ஆத்துக்கு குறுக்க புடிச்ச மாதிரி. செகண்டுக்கு 1 மீட்டர் ஓட்டத்துல அது மேல விழற தள்ளு 1 கிலோவுக்கு மேல வருது. அதுல பாதிய தூண்டில் கம்பு தாங்கினாலும் மீதிய ஈயம் தாங்கணும். 150 கிராம் ஈயம் தண்ணிக்குள்ள சுமார் 136 கிராம்தான் கனக்கும், அதுவும் மணல்ல அது புடிக்கற உராய்வு அத விட கம்மி. எப்படிங்க நிக்கும்? அதே நரம்ப பாதி தடிமனுக்கு, 0.20 மில்லிமீட்டர் பின்னல் நரம்பா மாத்தினா தள்ளு கிட்டத்தட்ட பாதியாகும். ஈயத்துல 100 கிராம் கூட்டறத விட இதுக்கு பலன் ஜாஸ்தி.

அடுத்தது முள்ளு வச்ச ஈயம். கனத்தால நிக்காம நங்கூரம் மாதிரி மண்ண கவ்வி நிக்கும். செவ்வாப்பேட்டைல கொலுசு பட்டறை வச்சிருக்கற எங்க சித்தப்பாகிட்ட கேட்டுத்தான் செஞ்சேன், அச்சுல உருக்கின ஈயத்த ஊத்தறதுக்கு முன்னாடி நாலு துருப்பிடிக்காத கம்பிய சொருகி, ஆறினதும் நாலையும் பூ விரிஞ்ச மாதிரி வளைச்சோம். கம்பி ரொம்ப தடியா இருக்கக்கூடாது, கையால பலமா இழுத்தா நிமிரணும், இல்லாட்டி திரும்ப எடுக்கறப்ப நரம்புதான் அறும். ஈயம் உருக்கறது வெட்டவெளில மட்டும்தான், குழந்தைங்க பக்கத்துலயே இருக்கக்கூடாது, அந்தப் புகை விஷம்.

ஆனா முள்ளு கவ்வணும்னா இழுப்பு தரைய ஒட்டி படுக்கையா வரணும், மேல்நோக்கி இழுத்தா முள்ளு பிடுங்கிக்கும். இதுக்குத்தான் நேரா வீசாம ஓட்டத்துக்கு எதிரா, மேல்பக்கம் சாய்ச்சு வீசறது. ஈயம் தரை தொட்டதும் நரம்ப இறுக்காம இன்னும் 10, 15 மீட்டர் விட்டுக்கொடுக்கணும். தண்ணி அந்த நரம்ப கீழ்ப்பக்கமா ஒரு பெரிய வளைவா தள்ளும், அந்த வளைவு ஈயத்த படுக்க இழுத்து முள்ள மண்ணுக்குள்ள இறக்கும். எந்த இழுப்பு நம்மள தோக்கடிச்சுதோ அதே இழுப்புதான் இப்ப ஈயத்த புடிச்சு நிறுத்துது, எனக்கு இதுல ரொம்ப பிடிச்ச இடமே இதுதான்.

இப்படி போட்டா மீன் கடிக்கறது தெரியற விதமும் மாறிரும். பூலாம்பட்டில கடிச்சா நுனி கீழ குனியும். இங்க மீன் இரைய இழுக்கறப்ப முள்ளு மண்ண விட்டு கழண்டுக்கும், ஈயம் ஓட்டத்தோட போகும், வளைஞ்சு நின்ன கம்பு திடீர்னு நிமிர்ந்து நரம்பு தொளதொளன்னு ஆயிரும். நரம்பு அறுந்துருச்சுன்னு நெனச்சுக்கிட்டு நின்னோம்னா போச்சு, வேகமா சுத்தி தொய்வ எடுக்கணும்.

மீனும் இந்த ஓட்டத்துல சும்மா எதிர்த்து நீந்தி சக்திய வீணாக்காது. தரையோரம், கரையோரம் உராய்வால தண்ணி மெதுவா ஓடும், பாலத்தூணுக்கு பின்னாடி சுழல் இருக்கும், கொடுவா அந்த மாதிரி ஓட்டம் படாத மறைவுல நின்னுக்கிட்டு ஓட்டம் கொண்டாந்து தர்ற மடவைக்குஞ்சு, இறாலுக்கு காத்திருக்கும். வேக ஓட்டமும் மெது ஓட்டமும் உரசற கோடு தண்ணி மேலயே நுரையா, குப்பையா தெரியும், அந்தக் கோட்டுக்கு மெது பக்கம் இரை விழணும். சுத்தமா ஓட்டம் நின்ன நேரத்த விட, நின்னு மறுபடி ஓட ஆரம்பிக்கற முதல் ஒரு மணி நேரம் எனக்கு நல்லா அமைஞ்சிருக்கு. ஈயமும் நிக்கும், இரையோட வாசமும் கீழ்ப்பக்கம் போகும்.

ஐப்பசி கார்த்திகைல மழை புடிச்சு வசிஷ்ட நதில தண்ணி வந்துட்டா ஒரு விசித்திரம் நடக்கும். கடல் தண்ணில உப்பு இருக்கறதால கனம் ஜாஸ்தி, லிட்டருக்கு சுமார் 25 கிராம் கூட. அதனால ஏத்தம் ஆரம்பிக்கறப்ப கடல் தண்ணி நல்ல தண்ணிக்கு அடில ஆப்பு மாதிரி நுழைஞ்சு உள்ள வரும், மேல செந்தண்ணி அதுபாட்டுக்கு வெளிய ஓடிக்கிட்டே இருக்கும். அப்படி ஒரு சாயங்காலம் செந்தண்ணி, சருகு, வாழைமட்டை எல்லாம் கடல் பக்கம் போறத பாத்துக்கிட்டே முள்ளில்லாத ஈயத்த ஆழத்துல இறக்கினேன், நரம்ப விரல்ல புடிச்சிருந்தேன், அது மெதுவா, நல்லா உணர்ற மாதிரி, ஆத்தூர் பக்கமா இழுத்துச்சு.