கீழ்ப்பல் செட்டைப் பிடித்து வைக்கும் கம்பி

பின்னேரம் திருகோணமலைக் கடற்கரையில் கச்சான் சுருளை வாங்கிப் பேரப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கும் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் கீழ்ப்பல் செட்தான் பிரச்சினை. மேல்செட் அண்ணம் முழுக்க ஒட்டிக்கொள்ளும். கீழ்செட்டுக்குக் கிடைப்பது ஒடுங்கிய முரசு மட்டும். நாக்கு வேறு தள்ளிக்கொண்டே இருக்கும். பல் போனபின் கீழ்த்தாடை எலும்பு மேல்தாடையைவிடப் பல மடங்கு வேகமாகக் கரைகிறது.

கீழ்த்தாடையில் பல்லே இல்லாதவருக்கு இரண்டு இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) மேல் அமரும் செட்டே முதல் தெரிவு என்று 2002இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் சொன்னார்கள். அந்த இரண்டையும் ஒரு கம்பியால் இணைத்து, செட்டின் அடியிலுள்ள கிளிப் அதைக் கவ்வும்படி செய்வது ஒரு முறை. சரி, கம்பியை எதில் செய்வது?

முன்பு தங்கக் கலவைதான். வார்ப்பதற்கு இலகு, அச்சொட்டாகப் பொருந்தும்; விலைதான் கட்டாது. அப்புறம் வந்த கோபால்ட்-குரோமியத்தின் விறைப்பு, அதாவது வளையாமல் நிற்கும் தன்மை, ஏறக்குறைய 200 கிகாபாஸ்கல் (விறைப்பை அளக்கும் அலகு), தங்கக் கலவையைப்போல் இரு மடங்கு. டைட்டானியம் சுமார் 110. பீக் என்ற பிளாஸ்டிக் வெறும் 4. சிர்கோனியா என்ற பீங்கான் வகை விறைப்பில் கோபால்ட்-குரோமியத்துக்கு ஈடு, ஆனால் வளையாமல் உடையும் சாதி.

விறைப்பு ஏன் முக்கியம்? இரண்டு தூணுக்குக் குறுக்கே போட்ட பலகை மாதிரித்தான் கம்பி. விறைப்பான கம்பி ஒரு பக்கம் கடிக்கும் விசையை இரு இம்ப்ளான்டுக்கும் பங்கிடும். வளையும் கம்பியில் கிட்ட இருப்பதே பெரும்பகுதியைச் சுமக்கும். பீக் அதிர்வை உறிஞ்சும் என்பார்கள். நீளமான இடைவெளிக்கு அதை நம்ப எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் நீளம் இரட்டித்தால் வளைவு எட்டு மடங்காகும்.

பொருளைவிடப் பொருத்தம் பெரிது. வார்த்த உலோகம் ஆறும்போது சுருங்கும். இயற்கைப் பல்லை எலும்போடு இணைக்கும் நார்த்திசு சற்று நெகிழ்ந்து கொடுக்கும்; எலும்போடு நேராக ஒட்டிய இம்ப்ளான்டில் அது இல்லை. அதனால் மயிரிழை பிசகிய கம்பியைத் திருகாணி போட்டு இறுக்கினால் அந்த இழுவிசை அங்கேயே தங்கிவிடும், திருகாணியும் நாளடைவில் தளரும். டைட்டானியத்தைக் கணினி வழிகாட்டலில் கட்டியிலிருந்து கடைந்தெடுப்பதால் இந்தச் சுருக்கத் தொல்லையே வராது. அதன் பலவீனம் உராய்வு. உலோகக் கிளிப் உரசினால் கீறல் விழும். நைலோன் கிளிப் என்றால் தேய்வது கிளிப்தான், கம்பி தப்பும்.

கொழும்பில் செய்துகொண்டு 260 கிலோமீட்டர் திரும்பி வருபவருக்கு, கடைந்த டைட்டானியக் கம்பியும் நைலோன் கிளிப்பும்தான் என் தெரிவு. தேய்ந்த கிளிப்பை ஊரிலேயே ஒரு பல் வைத்தியர் சில நிமிடங்களில் மாற்றிவிடலாம், அந்த ரகக் கிளிப் அவரிடம் இருந்தால். கம்பி, கிளிப் இரண்டின் ரகத்தையும் எழுதி வாங்கிக்கொண்டு ஊருக்கு வாருங்கள்.