கோரையை இன்னும் மெலிதாகக் கிழிக்க முடியுமா?

பத்தமடையில் பாய்க்குக் கோரை கிழிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? எவ்வளவு மெலிதாகக் கிழிக்கிறார்களோ, அவ்வளவு நெருக்கமாக நெசவு அமையும். பட்டுப் பாயைத் துணி மாதிரி மடித்துவிடலாம். ஆனால் ஓர் அளவுக்கு மேல் போனால் கோரை அறுந்துவிடும். கம்ப்யூட்டர் சிப்பும் இன்று அந்த எல்லையை நெருங்கிவிட்டது.

1971இல் வந்த இன்டெல் 4004 சிப்பில் சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள், அதாவது மின்சாரத்தைத் திறந்து மூடும் குட்டி சுவிட்சுகள். 2020இல் வந்த ஆப்பிள் எம்1இல் 1,600 கோடி. இரண்டு ஆண்டுக்கொருமுறை இந்த எண்ணிக்கை இரட்டிக்கும் என்று இன்டெல் நிறுவனர்களில் ஒருவரான கார்டன் மூர் 1975இல் சொன்னது ஏறக்குறைய பலித்தது.

சரி, எண்ணிக்கை கூடியும் சிப்பின் வேகம் மட்டும் ஏன் தேங்கியது? டிரான்சிஸ்டர் சிறுக்கச் சிறுக்க வோல்டேஜையும் குறைத்து வந்தார்கள். அதனால் அதே இடத்தில் கூடுதலாக அடைத்தும் சூடு ஏறவில்லை. 1974இல் ஐபிஎம் பொறியாளர் ராபர்ட் டென்னார்டும் அவர் குழுவினரும் விளக்கிய வழி இது. 2005 வாக்கில் அது அடைபட்டது. வோல்டேஜ் மிகவும் குறைந்தால் டிரான்சிஸ்டரை இறுக மூட முடியாது. பழுதான மதகில் தண்ணீர் கசிவது போல, மூடிய பிறகும் மின்சாரம் கசியும். குறைக்காமல் வேகத்தைக் கூட்டினாலோ சூடு தாங்காது. 2004இல் 3.8 கிகாஹெர்ட்ஸ் (நொடிக்கு 380 கோடி துடிப்பு) எட்டிய சிப், இருபது ஆண்டுகள் கழித்தும் 6ஐ ஒட்டித்தான் நிற்கிறது.

இனி வேகம் பெரும்பாலும் மென்பொருளிலிருந்துதான் வரவேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பாளையங்கோட்டையில் படிக்கும் என் தங்கச்சி மகன், ஒரு கடையின் 1 லட்சம் பில்களில் இரண்டு முறை பதிவானவற்றைத் தேட பைத்தான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதினான். ஒவ்வொரு பில்லையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட்டது அது. கிட்டத்தட்ட 500 கோடி ஒப்பீடு! டீ குடித்துவிட்டு வந்தும் ஓடிக்கொண்டிருந்தது. "லேப்டாப் பழசு மாமா" என்றான். பார்த்த பில் எண்களை ஒரு 'செட்'டில் (ஓர் எண் உள்ளே இருக்கிறதா என்று சட்டெனச் சொல்லும் தொகுப்பு) போட்டு, அடுத்த எண் அதில் இருக்கிறதா என்று மட்டும் கேட்கச் சொன்னேன். இப்போது 1 லட்சம் கேள்விதான். எண்டர் தட்டிய கையை எடுப்பதற்குள் விடை வந்துவிட்டது.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் காட்டியது இதைவிடப் பெரிது. இரண்டு பெரிய அணிகளை (மேட்ரிக்ஸ், அதாவது எண் கட்டங்கள்) பெருக்க பைத்தானில் 7 மணி நேரம். அதே கணினிக்கு ஏற்றபடி செதுக்கி எழுதியபோது அரை நொடிக்கும் குறைவு.

ஆனால் இந்த வளர்ச்சி மூர் சொன்ன மாதிரி நாள் குறித்து வராது. ஒரு நிரலில் ஆயிரம் மடங்கு கிடைக்கும், அடுத்ததில் ஒன்றுமே இருக்காது. ஒவ்வொன்றையும் ஒரு ஆள் உட்கார்ந்து பார்க்கவேண்டும். தங்கச்சி மகன் இப்போது அந்தக் கடையின் மாதக் கணக்கு நிரலை எடுத்து, எந்த வரியில் எவ்வளவு நேரம் போகிறது என்று அளந்துகொண்டிருக்கிறான். அதே பழைய லேப்டாப்பில்தான்.