17-இல் வெல்லும், 18-இல் தோற்கும்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடை வைத்திருக்கும் இளைஞர் ஒருவர், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தன் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். விலையின் போக்கைக் காட்டும் மூன்று கணக்குகளை, அதாவது இண்டிகேட்டர்களைக் கோத்து, நிஃப்டி என்ற பங்குக் குறியீட்டின் ஃபியூச்சர்ஸைத் (முன்பேர ஒப்பந்தங்களை) தானே வாங்கி விற்கும் அல்கோ, அதாவது கணினி நிரல் ஒன்றைத் தயாரித்திருக்கிறார். கடந்த பத்தாண்டு விலைகளில் ஓட்டினால் பணம் கொட்டுகிறது. நிஜப் பணத்தைப் போட்டதும் ஆடித் தள்ளுபடியில் கிடைத்த லாபம் மூன்றே மாதத்தில் கரைந்துவிட்டது. "கணக்கில் எங்கே தவறு, அண்ணே?" என்றார். கணக்கில் தவறே இல்லை. வேடிக்கையும் அதுதான்.

இண்டிகேட்டர்கள் பலருக்கும் தெரிந்தவை. நகரும் சராசரி என்பது கடைசிச் சில நாள் விலைகளின் சராசரி. குறுகிய சராசரி நீண்டதைத் தாண்டி ஏறினால் வாங்க வேண்டும், கீழே இறங்கினால் விற்க வேண்டும். எம்.ஏ.சி.டி. இரண்டு சராசரிகளின் வித்தியாசம். ஆர்.எஸ்.ஐ. 1978-இல் வெல்ஸ் வைல்டர் தந்தது. ஏற்றத்தின் பலத்தை இறக்கத்தோடு ஒப்பிட்டு 100-க்கு மதிப்பெண் போடும். மூன்றும் பிறப்பது ஒரே முடிவு விலையிலிருந்து. ஒரே சாட்சி சட்டை மாற்றிக்கொண்டு மூன்று முறை கூண்டில் ஏறுகிறார். நம் தம்பியோ மூன்று பேர் சொல்லிவிட்டார்கள் என்று நம்புகிறார்.

எத்தனை நாள் விலையைக் கணக்கில் எடுப்பது என்ற அளவுகளைத் தேடும்போதுதான் சிக்கல் வருகிறது. குறுகிய சராசரிக்கு 5 முதல் 24 நாள், நீண்டதற்கு 30 முதல் 79, ஆர்.எஸ்.ஐ.க்கு 5 முதல் 24 என்று கணினியைத் தேடவிட்டிருக்கிறார். 20 பெருக்கல் 50 பெருக்கல் 20, மொத்தம் 20,000 சேர்க்கைகள். 20,000 பேரை மெரினாவில் நிறுத்திக் காசு சுண்டச் சொன்னால், 14 முறையும் தலையே விழுந்தவர் ஒருவராவது இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அவருக்கு மாலை போட்டுக் கூட்டிவருவதைத்தான் இங்கே 'ஆப்டிமைசேஷன்', அதாவது சிறந்த அளவைத் தேர்ந்தெடுப்பது என்கிறார்கள். இதே முறையில் ராகு காலத்தையும் இண்டிகேட்டராக்கலாம். திங்களன்று அது ஒன்பது மணிக்கே முடிந்துவிடும், சந்தை திறப்பது 9.15-க்கு. நாலு விதமாக மாற்றிப் பார்த்தால் பத்தாண்டுக் கணக்கில் அதுவும் 'வெல்லும்'. பஞ்சாங்கத்தைக் கேலி செய்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

சரி, அதிர்ஷ்டத்தையும் விஷயத்தையும் எப்படிப் பிரிப்பது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. காசிமேட்டு ஏலக் கூடத்தில் விடியற்காலை நின்று பாருங்கள். ஒரு விசைப்படகு வஞ்சிரமாக அள்ளி வந்திருக்கிறது. அங்கே மீன்பாடு உண்டா என்று அறிய, அதே கடலில் பக்கத்தில் வலை போட்ட படகுகளின் பெட்டிகளைப் பார்த்தால் போதும். அவையும் நிறைந்திருந்தால் அங்கே மீன் கூட்டம் இருந்திருக்கிறது. அவை காலியாக வந்திருந்தால் இந்தப் படகுக்கு வாய்த்தது ஒரு நாள் யோகம்.

அல்கோவுக்கும் அப்படியே. தம்பியின் குறுகிய சராசரிக்குச் சிறந்த அளவு 17 நாள். 18 போட்டு ஓட்டச் சொன்னேன். லாபம் காணாமல் போய் நஷ்டம் வந்தது, 16-இலும் நஷ்டம். 17 நாள் சராசரியும் 18 நாள் சராசரியும் 17 விலைகளைப் பங்கிட்டுக்கொள்கின்றன, ஒரே ஒரு விலைதான் கூடுதல். இரண்டும் ஏறத்தாழ ஒரே நாளில்தான் வாங்கும், விற்கும். அப்படியிருந்தும் முடிவு தலைகீழானால், லாபம் எங்கோ சில நாள்களில் ஒளிந்திருக்கிறது. தேடினோம். 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு நாள். நிஃப்டி ஏறத்தாழ 6 சதவீதம் விழுந்தது. 17 வைத்த அல்கோ முந்தின நாளே விற்றுவிட்டது. 18 வைத்தது உள்ளே மாட்டிக்கொண்டது. இப்படி நான்கைந்து நாள்கள், அவ்வளவுதான்.

அளவுகளைக் கட்டம் போட்டு, லாபத்துக்குப் பச்சை, நஷ்டத்துக்குச் சிவப்பு என்று வண்ணம் தீட்டினால் கண்ணுக்கே தெரியும். நல்ல விதி பரந்த பச்சை மேடாக இருக்கும். தம்பியின் திரையில் சிவப்புக்கு நடுவே ஒரு பச்சைப் பொட்டு. தரகும் வரியும் கழித்தால் அந்தப் பொட்டும் வெளிறிவிடும். பங்குகளின் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் என்ற முன்பேர வணிகப் பிரிவில் இறங்கிய தனிநபர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் நஷ்டம் என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024-இல் சொன்னபோது எனக்கு வியப்பே இல்லை.

இன்னொரு காவலும் உண்டு. கடைசி இரண்டு ஆண்டு விலைகளைத் தொடாமல் பூட்டி வைத்து, அளவுகளை முடிவு செய்தபின் ஒரே ஒரு முறை திறந்து சோதிப்பது. ஒரு முறை பார்த்துவிட்டு அளவை மாற்றினால் அதுவும் பழைய கணக்கோடு சேர்ந்துவிடும். தம்பியிடம் அதைப் பற்றிக் கேட்டேன்.

"பூட்டித்தான் வைத்தேன், அண்ணே. நாலு முறை ஓட்டிப் பார்த்தேன், சரியாக வரவில்லை. அதற்கப்புறம்தான் 17 கிடைத்தது."