புற்றுநோய்போல் வேஷம் போடும் கட்டி: மெய்க்ஸ் சிண்ட்ரோம்

மாதவிடாய் நின்று சில ஆண்டுகளான பெண்ணுக்கு வயிறு உப்புகிறது, மூச்சு வாங்குகிறது. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலைச் சுற்றி நீர். ஸ்கேனில் வயிற்றிலும் நீர், சினைப்பையில் கெட்டியான கட்டி. ரத்தத்தில், சினைப்பைப் புற்றில் உயரும் சிஏ-125 என்ற புரதத்தின் அளவு 300. 35 வரைதான் இயல்பு. முற்றிய சினைப்பைப் புற்றுநோய் என்றுதான் யாருக்கும் தோன்றும். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும்.

அபூர்வமாக, இத்தனைக்கும் காரணம் ஃபைப்ரோமா என்ற சாதுவான நார்த்திசுக் கட்டியாக இருப்பதுண்டு. 1937-இல் பாஸ்டன் மருத்துவர் ஜோ மெய்க்ஸ், காஸ் என்பவருடன் சேர்ந்து இப்படிப்பட்ட 7 நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர் பெயரால்தான் இது மெய்க்ஸ் சிண்ட்ரோம். சினைப்பை ஃபைப்ரோமா உள்ளவர்களில் சுமார் 1 சதவீதத்தினருக்கே வயிறு, மார்பு இரண்டிலும் நீர் கோக்கிறது.

இங்கே வழக்கமான கணக்கு ஏமாற்றிவிடும். புற்று அபாயக் குறியீட்டுக்கு மூன்று எண்களைப் பெருக்குவார்கள். ஸ்கேனில் கெட்டிப் பகுதி, வயிற்று நீர் என இரண்டு சந்தேகக் குறிகள் இருந்தாலே 3, மாதவிடாய் நின்றவர் என்பதால் இன்னொரு 3, மூன்றாவது சிஏ-125. 3 × 3 × 300 = 2700. 200-ஐத் தாண்டினாலே அபாயம் அதிகம் என்று வைத்திருக்கும்போது, இந்த எண்ணைப் பார்த்தவர் வேறெதையும் யோசிப்பதில்லை. ஆனால் சிஏ-125 புற்றணுக்களுக்கு மட்டுமே உரியதல்ல. வயிற்றின் உள்சவ்வு உறுத்தப்பட்டால் அதன் செல்களும் அதைச் சுரக்கும்.

படத்தில் கட்டி தன்னைக் கொஞ்சம் காட்டிக்கொடுக்கும். அல்ட்ராசவுண்டில் ஃபைப்ரோமா கருமையாக, பின்னால் நிழல்பட்டைகளோடு தெரியும். டாப்ளரில் ரத்த ஓட்டம் மிகக் குறைவு. எம்ஆர்ஐயில் டி2, டிஃப்யூஷன் என்ற இருவகைப் படங்களிலும் ஒருசேரக் கறுத்திருந்தால் அது தீங்கற்றது என்பதற்கு வலுவான அடையாளம். சிக்கல் என்னவென்றால், நீர் கோக்கும் அளவுக்கு வளர்ந்த கட்டி பெரும்பாலும் 10 செ.மீ. தாண்டியிருக்கும், உள்ளே வீங்கியும் இருக்கும். அந்த வீக்கம் டி2 படத்தில் வெளுப்பாக வந்து மறுபடி குழப்பும். கர்ப்பப்பையிலிருந்து காம்போடு தொங்கும் ஃபைப்ராய்டு என்ற தசைக்கட்டியும் இதே மாதிரி தெரியும். அந்தப் பக்கத்துச் சினைப்பை தனியாகத் தெரிகிறதா, கர்ப்பப்பையிலிருந்து ரத்தக்குழாய் கட்டிக்குள் போகிறதா என்று பார்க்க வேண்டும்.

மார்பு நீர் வயிற்றிலிருந்து உதரவிதானம் வழியாக ஏறுவதாகவே கருதப்படுகிறது. அதனால்தான் பெரும்பாலும் வலப்பக்கம். அதை ஊசியால் எடுத்துச் செல் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். புற்றணு இல்லை என்று வந்தால் சந்தேகம் தளரும், தீராது. கூடவே அந்த நீரில் ஏடிஏ என்ற, காசநோயில் உயரும் நொதியைப் பார்ப்பது நல்லது: காசநோயும் இதே நீரையும் சிஏ-125 உயர்வையும் தரும். இரு சினைப்பையிலும் கெட்டிக் கட்டி இருந்தால் இரைப்பையை எண்டோஸ்கோப்பியில் பார்க்காமல் விடக்கூடாது. அங்கிருந்து பரவிய புற்றாக இருக்கலாம்.

முழுதாக எடுக்கக்கூடிய கட்டியில் வெளியிலிருந்து ஊசி குத்துவதில்லை. புற்றாக இருந்தால் செல்கள் சிந்திவிடும். திசு ஆதாரமே இல்லாமல் கீமோ தொடங்குவது அதைவிடப் பெரிய தவறு. கட்டியை உடைக்காமல் முழுதாக எடுத்து, உறைவெட்டுக்கு அனுப்ப வேண்டும். ஆய்வகத்தில் ஒரு துண்டை மைனஸ் 20 டிகிரி வாக்கில் உறைய வைத்து, சில மைக்ரான் தடிமனில் சீவிச் சாயமேற்றி, அரைமணி நேரத்துக்குள் பதில் சொல்வார்கள். வெள்ளையாக, சுருள் சுருளான நார்களோடு, சாதுவான செல்களாக இருந்தால் நிணநீர் முடிச்சு, வயிற்றுக் கொழுப்புத்திரை என்று வெட்டிக்கொண்டே போகத் தேவையில்லை. செல்கள் நெருக்கமாக இருந்தால் மட்டும், பிரியும் செல்களை எண்ணிப் பார்க்க நிரந்தர ஸ்லைடு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

இவ்வளவு செய்தும், அறுவை அரங்கிலேயே மெய்க்ஸ் என்று எழுதிவிட முடியாது. கட்டியை எடுத்தபின் இரண்டு இடத்து நீரும் வற்றித் திரும்ப வராமல் இருக்க வேண்டும் என்பதும் அதன் வரையறையில் உண்டு. சில வாரங்களில் எக்ஸ்ரேயும் சிஏ-125-உம் இயல்புக்கு வரவேண்டும். நீர் மறுபடி கோத்தால், ஸ்லைடுகளைத் திரும்ப எடுத்துப் பார்த்து வேறு காரணம் தேட வேண்டும்.