செம்பில் களிம்பும் சோளகக் காற்றும்

யாழ்ப்பாணத்தில் உறவினர் ஒருவரின் வளவில், முருங்கைக்கும் கிணற்றுக்கும் நடுவே ஒரு வெண்கலச் சிற்பம் நிற்கிறது. ஆளுமில்லை, மாடுமில்லை, வளைந்து, நடுவில் ஓட்டை விட்டு, நுனி மடங்கிய ஏதோ ஒரு வடிவம். பக்கத்து வீட்டு ஆச்சிக்கு அது வாழைப்பொத்தி. வந்தபோது தேன் நிறம். இப்போது மழை வழிந்த தடமெல்லாம் பச்சைக் கோடு. மழை படாத உள்வளைவு மட்டும் கறுப்பு.

"பழப்புளி போட்டுத் தேய், தம்பி. பளபளவெண்டு வரும்" என்றா ஆச்சி.

குத்துவிளக்குக்கு அது சரி. இதற்கு வேண்டாம். அந்தத் தேன் நிறமே, பட்டறையில் உலோகத்தைச் சூடாக்கி இரசாயனம் பூசி வரவழைத்த ஒரு மெல்லிய படைதான். புளியின் அமிலம் அதையும் சேர்த்துக் கரைத்துவிடும்.

வெண்கலத்தில் பொதுவாகப் பத்தில் ஒன்பது பங்கு செம்பு, மிச்சம் பெரும்பாலும் வெள்ளீயம். ஒட்சிசன் பட்டதும் செம்பில் முதலில் செந்நிற ஒட்சைட்டு படிகிறது. பிறகு ஈரத்தோடு கந்தகப் புகை சேர்ந்தால் பச்சைச் சல்பேற்று. உப்புக் காற்றென்றால் பச்சைக் குளோரைட்டு. இறுகிப் படிந்தால் அதுவே உள்ளிருக்கும் உலோகத்துக்குச் சட்டை. 1886இல் திறக்கப்பட்ட நியூயோர்க் சுதந்திரதேவி சிலையின் செப்புத்தோல் வெறும் 2.4 மில்லிமீற்றர்தான். பச்சையைப் போர்த்துக்கொண்டு இன்னும் நிற்கிறது.

சிக்கல் குளோரைட்டு உள்ளே இறங்கும்போதுதான். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று கடல்நீரேரியைத் தாண்டி உப்பை அள்ளிவருகிறது. உப்பின் குளோரைட்டு செம்போடு சேர்ந்து படைக்கு அடியில் பதுங்குகிறது. ஈரமும் காற்றும் கிடைத்தால் அது பச்சைத் தூளாகி, கூடவே ஐதரோகுளோரிக் அமிலத்தையும் விடுகிறது. அந்த அமிலம் புதுச் செம்பைத் தின்று மறுபடி குளோரைட்டாகிறது. வட்டி குட்டி போடுவதுபோல. இதற்கு 'வெண்கல நோய்' என்றே பெயர். உயிரை ஆணவம் பற்றியிருப்பதற்கு, பச்சைக் களிம்பு செம்போடு கூடப் பிறந்தது என்று சைவ சித்தாந்தம் உவமை சொல்லும். வேதியியல்படி களிம்பு வெளியிலிருந்து வந்ததுதான். ஆனாலும் இந்த நோயைப் பார்த்தவர்களுக்கு உவமை பிழையென்று தோன்றாது.

இறுக்கமான பச்சையை விட்டுவிடலாம். விரலில் ஒட்டும் வெளிர்பச்சைத் தூள் என்றால்தான் பயப்பட வேண்டும். மற்றபடி நல்ல தண்ணீரால் கழுவி, காயவிட்டு, மெழுகு பூசலாம். உவர்க் கிணற்றுத் தண்ணீர் மட்டும் கூடாது. அது உப்பை நாமே ஊற்றுவது.

எங்கள் வாழைப்பொத்தியின் அடியில் தண்ணீர் வடிய ஒரு சிறு துளை உண்டு. முருங்கையிலை அடைத்திருந்தது. ஈர்க்கால் குத்தியதும் உள்ளிருந்து ஒரு செம்பு தண்ணீர் வந்தது.