பசித்த உடலில் ஆசை ஏன் அணைகிறது?

பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்கிறோம். அந்தப் பத்து எவை என்று கேட்டால் மானம், குலம், கல்வி வரைக்கும் வரும், அப்புறம் இழுக்கும். ஔவையின் நல்வழிப் பாட்டில் பத்தாவதாக நிற்பது காமுறுதல். மற்ற ஒன்பதின் கதை எப்படியோ, இந்தப் பத்தாவது பறந்ததை ஓர் ஆய்வுக்கூடத்தில் பதிவே செய்து வைத்திருக்கிறார்கள்.

1945இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் நடத்திய பட்டினி ஆய்வு அது. போரில் ஆயுதம் எடுக்க மனச்சாட்சி இடம் தராது என்று மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். 24 வாரங்கள் அவர்களுக்குக் கிடைத்தது வழக்கமான சாப்பாட்டில் ஏறக்குறைய பாதி: உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்கரோனி. எடையில் கால்வாசி போயிற்று. பெண்களைப் பற்றிய பேச்சு நின்றது. கனவிலும் நினைவிலும் சாப்பாடுதான். சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள், தட்டை நக்கினார்கள், ஒரு வேளைச் சாப்பாட்டை மணிக்கணக்கில் இழுத்தார்கள். எரிச்சல், சோர்வு, யாரோடும் சேராமல் ஒதுங்குவது வேறு. நோயில் கிடக்கும் சிப்பிக்கு எவ்வளவு காம உணர்வு இருக்குமோ அவ்வளவுதான் தனக்கும் என்றார் ஒருவர். இவர்கள் உடல்நலமும் மனநலமும் பார்த்துப் பொறுக்கியெடுக்கப்பட்டவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆனால் ஆறு மாதத்தில் அவர்களிடம் தெரிந்த பல குணங்கள், அனோரெக்சியா என்னும் உண்ணாமைக் கோளாறு உள்ளவர்களிடம் மருத்துவர்கள் பார்ப்பவைதான்.

உள்ளே நடப்பது இதுதான். நம் கொழுப்புச் செல்கள் லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. கையிருப்பு எவ்வளவு என்று மூளைக்குத் தெரிவிப்பது அதன் வேலை. கொழுப்பு கரைந்து லெப்டின் குறைந்தால், மூளையின் அடியில் இருக்கும் ஹைபோதாலமஸ் இனப்பெருக்கத்துக்கான சமிக்ஞையை மந்தமாக்குகிறது. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை என்பதுபோலச் சீராகத் துடிக்க வேண்டிய சமிக்ஞை அது. அது தளர்ந்தால், பாலின ஹார்மோன்களைத் தூண்டும் பிட்யூட்டரி சுரப்பி அடங்குகிறது. பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜனும் ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோனும் சரிகின்றன. மாதவிடாய் நிற்கிறது, ஆசையும் வற்றுகிறது. ஒரு கர்ப்பத்துக்கு மட்டும் 80,000 கலோரி வரை கூடுதலாகத் தேவைப்படும் என்ற கணக்கைப் பார்த்தால், பஞ்ச காலத்தில் உடல் இந்தக் கடையைச் சாத்துவது நியாயம்தான். 2004இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், இப்படி மாதவிடாய் நின்றுபோன 8 பெண்களுக்கு லெப்டினை ஊசியாகக் கொடுத்தார்கள். 3 பேருக்குக் கருமுட்டை மறுபடி வெளிவந்தது.

இது தெரியாத காலத்தில், நோய்க்கு அடிமனத்தில் காரணம் தேடும் மனப்பகுப்பாய்வாளர்கள் காரணத்தையும் விளைவையும் மாற்றிப் போட்டார்கள். வாய்வழியாகக் கருவுற்றுவிடுவோமோ என்ற அடிமனப் பயத்தால்தான் அனோரெக்சியா உள்ள பெண்கள் சாப்பிட மறுக்கிறார்கள் என்று 1940இல் ஒரு கட்டுரை அடித்துச் சொன்னது. படிக்கச் சுவையாகத்தான் இருக்கிறது. நோயாளிக்கு அதனால் ஒரு வாய்ச் சோறும் இறங்கியிருக்காது. அதற்காக அந்தப் பக்கத்தை முழுதாகக் கிழித்துவிடவும் முடியாது. பட்டினி உடலைப் பருவமடைவதற்கு முந்தைய நிலைக்குத் திருப்புகிறது, வளர்ந்தவளாவதற்கு அஞ்சும் பெண்ணுக்கு அது நிம்மதியாகவும் இருக்கக்கூடும் என்றார் லண்டன் மனநல மருத்துவர் ஆர்தர் கிரிஸ்ப். தொடங்கிய காரணம் வேறாக இருந்தாலும், கிடைத்த நிம்மதி நோயை நீட்டிக்கலாம்.

உணர்ச்சிகளின் கதை இன்னும் சிக்கல். உண்ணாமைக் கோளாறோடு தன்னிடம் வந்தவர்களுக்குப் பசி எது, கோபம் எது, துக்கம் எது என்றே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை என்று கவனித்தவர் ஹில்டே ப்ரூக். ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குப் போன மனநல மருத்துவர் அவர். குழந்தை எதற்கு அழுதாலும் உணவையே நீட்டினால் இப்படி ஆகலாம் என்றார். அந்த விளக்கம் பழியைத் தாயின் தலையில் போட்டது. மரபணுக்களுக்கும் பங்குண்டு என்று இன்று தெரிந்திருப்பதால், வளர்ப்பை முதற்காரணமாக நிறுத்துவதைக் கைவிட்டுவிட்டார்கள். அவர் கவனித்தது மட்டும் நிற்கிறது. உள்ளே எழுவதற்குப் பெயர் சொல்லப் பழக்குவது இன்றும் சிகிச்சையில் ஒரு வேலை.

அளவுமீறித் தின்றுவிட்டு வாந்தியெடுக்கும் புலிமியாவில் எடை பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். ஆசை வற்றியிருக்க வேண்டியதில்லை. ஆனால் கட்டிலில் கிடக்கும்போது தன் வயிறு எப்படித் தெரிகிறது, விளக்கை அணைக்கலாமா என்று மனம் வெளியே நின்று வேடிக்கை பார்க்கும். இப்படித் தன்னையே வேடிக்கை பார்ப்பது பாலின்பத்தைக் கெடுக்கும் என்று பாலியல் ஆய்வாளர்களான மாஸ்டர்ஸும் ஜான்சனும் 1970இலேயே எழுதினார்கள்.

சிறுவயதில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்குப் புலிமியா வரும் அபாயம் கூடுதல் என்பது உண்மை. மன அழுத்தம் போன்ற வேறு பல நோய்களுக்கான அபாயமும் அவர்களுக்குக் கூடுதல்தான். ஆகவே புலிமியா இருக்கிறது, அப்படியானால் வன்முறை நடந்திருக்கிறது என்று பின்னோக்கிக் கணக்குப் போட முடியாது. அப்படிப் போட்டதில் அமெரிக்காவின் நாபாவில் ஒரு குடும்பமே சிதைந்தது. புலிமியாவுக்காக வந்த இளம்பெண்ணிடம், இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் அப்படிப் பாதிக்கப்பட்டவர்களே என்று சிகிச்சை தரப்பில் சொல்லப்பட்டது. பின்னர் அவருக்குத் தந்தையைப் பற்றிய ‘நினைவுகள்’ வந்தன. தந்தை வழக்குப் போட்டார். அந்தப் பொய் நினைவுகளை வலுப்படுத்தியதில் சிகிச்சையாளர்கள் கவனக்குறைவாக நடந்துகொண்டார்கள் என்று 1994இல் நடுவர் குழு சொன்னது.

லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான குடும்பச் சிகிச்சை வேறொரு வரிசையில் போகிறது. அனோரெக்சியா உள்ள பிள்ளைக்கு முதலில் பெற்றோரே முன்னின்று சோறூட்டி எடையை மீட்க வேண்டும். ஏன் வந்தது என்ற விசாரணை அப்போது கிடையாது. எடை கூடக் கூடப் பயமும் அழுகையும் கூடுவதுண்டு. அதைச் சிகிச்சை தோற்றதாக எடுத்துக்கொள்வதில்லை. அடுத்து, சாப்பாட்டுப் பொறுப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளையின் கைக்குத் திரும்புகிறது. நட்பு, காதல், உடல், வீட்டைவிட்டுத் தனியே நிற்பது இவற்றையெல்லாம் பேச உட்காருவது மூன்றாம் கட்டத்தில்.