கன்சார்ட் – குறும்பல்லியம்

கன்சார்ட் என்றதும் அரசியின் கணவர், அரசரின் மனைவி என்ற பொருள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அது 'பங்காளி' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது. இசைக் கன்சார்ட்டின் வழி வேறு. கச்சேரியைக் குறிக்கும் 'கான்சர்ட்', இத்தாலிய 'கான்செர்த்தோ' ஆகியவற்றோடு கலந்து உருவான வடிவம் அது என்பதே பொதுவான கருத்து. 16, 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், சில கருவிகள் சேர்ந்து வாசிக்கும் சிறு குழுவுக்கு இந்தப் பெயர் வழங்கியது.

இதில் இரண்டு வகை. ஒரே கருவியைப் பல அளவுகளில் செய்து வாசித்தால் 'ஹோல் கன்சார்ட்'. குழந்தைக் குரல் முதல் ஆண்களின் கட்டைக்குரல் வரை ஒரே குடும்பம் பாடுவது போல இருக்கும். ரெக்கார்டர் எனும் மரக்குழலும், கால்களுக்கிடையே நிறுத்தி வில்லால் வாசிக்கும் வயோலும் இதற்குப் பேர்போனவை. அன்றைய செல்வர் வீடுகளில் ஆறு வயோல்களை ஒரே பெட்டியில் வைத்திருப்பார்கள். அந்தத் தொகுதிக்கே 'வயோல் பெட்டி' என்று பெயர்.

வெவ்வேறு இனக் கருவிகள் சேர்ந்தால் 'புரோக்கன் கன்சார்ட்'. 1599இல் ஆங்கில இசையமைப்பாளர் தாமஸ் மோர்லி வெளியிட்ட தொகுப்பு லூட், பண்டோரா, சிட்டர்ன் எனும் மீட்டு கருவிகள் மூன்று, புல்லாங்குழல், உச்ச வயோல், மந்தர வயோல் என்ற ஆறு கருவிகளுக்கானது. நரம்பு, கம்பி, காற்று மூன்றும் அதில் உண்டு. இதை 'உடைந்த குழு' என்று மொழிபெயர்த்தால் ஏதோ சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் போலாகிவிடும்!

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'இசைக்குழு' மெல்லிசைக் குழு வரை எல்லாவற்றுக்கும் பொது. 'சேர்ந்திசை' என்றால் பாடகர் கூட்டம் கண்முன் வந்துவிடுகிறது. நம்மிடம் 'இயம்' என்ற பழஞ்சொல் இருக்கிறது. இசைக்கருவி என்று பொருள். பல இயங்கள் சேர்ந்தால் பல்லியம். திருமுருகாற்றுப்படை முருகனை 'குழலன் கோட்டன் குறும்பல் லியத்தன்' என்கிறது. அங்கே 'குறும்' கருவிகளின் சிறுமையைக் குறிக்கிறது. நாம் குழுவின் சிறுமைக்கும் நீட்டிக்கொள்ளலாம், தவறில்லை. ஆக, கன்சார்ட் குறும்பல்லியம். ஹோல் கன்சார்ட் ஓரினக் குறும்பல்லியம். புரோக்கன் கன்சார்ட் கலப்புக் குறும்பல்லியம்.

ஆர்கெஸ்ட்ராவுக்கு மட்டும் இதைப் பயன்படுத்த வேண்டாம். அங்கே ஒரே வரியைப் பத்து வயலின்கள் சேர்ந்து வாசிக்கும். கன்சார்ட்டில் பொதுவாக ஒரு வரிக்கு ஒருவர்தான்.